[சொல்லாக்கம்] மறு: ஈஸ்ட் மிகுதி, வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

ந.:
அன்பர்களே, கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை பற்றிய நோயாளித் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெண்ணுறுப்பில் ஓராண்டுக்குள் மூன்று தடவையோ அதற்கு மேலோ வருபவர்களுக்கானது. மருந்துப் பகுதி முடிந்துவிட்டது: பூஞ்சையை அடக்கும் ஃப்ளூகனசோல் மாத்திரை 150 மி.கி. முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள். பிறகு ஆறு மாதம் வாரம் ஒன்று. தலைப்புதான் நிற்கிறது. ‘நாள்பட்ட ஈஸ்ட் தொற்று’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

இ. (யாழ்ப்பாணம்):
இதில் என்ன சிக்கல்? மதுவம். எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரிந்த சொல். நொதியம் என்றால் எங்களுக்கு என்சைம்; அதை மட்டும் ஈஸ்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

செ.:
மதுவம் அழகான சொல்தான் ஐயா. ஆனால் தமிழகத்தில் முதலில் கண்ணில் படுவது ‘மது’. தொற்று என்பதும் சரியில்லை. கேண்டிடா நலமாக இருப்பவர் வாயிலும் குடலிலும் சும்மா கிடக்கும் பூஞ்சை. சர்க்கரை ஏறினால், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால், எதிர்ப்பாற்றல் குறைந்தால் பெருகுகிறது. தொற்று என்று எழுதினால் ‘யாரிடமிருந்து ஒட்டியது?’ என்று வீட்டில் சண்டைதான் வரும். மிகைப்பெருக்கம் என்க.

புல.:
நல்ல தமிழ் இருக்கக் கடன் ஏன்? புரை! பாலுக்குப் புரை குத்துகிறோம். சிலர் பிரை என்பார்கள். நொதிக்க வைக்கும் பொருள் அது. அதே புரைதான் புண் உள்ளே பரவும்போது ‘புரையோடுவது’. குறளில் ‘புரைதீர்ந்த’ என்றால் குற்றம் நீங்கிய. ஆக நொதி, நோய், குற்றம் மூன்றும் ஒரே வேர்ச்சொல்லில் அடங்குகின்றன. அங்கிருந்து பெரும்பாணாற்றுப்படையின் தோப்பிக்கள் (நெல்லில் வடித்த கள்) வரை போகலாம். என் பரிந்துரை: புரைமிகை.

செ.:
போகலாம், வெள்ளிக்குப் பிறகு. புரையோடியது என்றால் நோயாளிக்கு அழுகியது என்றுதான் கேட்கும். மூன்றும் ஒரே வேர் என்பதற்குச் சான்று எங்கே? ஒலி ஒத்தால் போதுமா?

வா.:
ஈஸ்ட் என்ற சொல்லிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது, அதைப் பேசுவோம். ‘ஈஸ்ட் நோய்’ என்றதும் ரொட்டி, இட்லி, தோசை எல்லாம் நிறுத்திவிடுகிறார்கள். ரொட்டியில் இருப்பது சாக்கரோமைசிஸ், வேறு இனம், அடுப்பில் செத்தும்விடும். இட்லி மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா. சர்க்கரை நோய் இருந்தால் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான் உணவில் முக்கியம். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை நோய் மாத்திரை சிறுநீரில் சர்க்கரையை இறக்கும், அதனாலும் திரும்பத் திரும்ப வரும். அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை சரியாக இருப்பவருக்கு இனிப்பை அறவே விட்டால் நோய் வராது என்பதற்குத் தக்க சான்று இல்லை. களைப்பு, மறதி எல்லாவற்றுக்கும் குடலிலுள்ள ஈஸ்டைக் காரணம் காட்டி விற்கும் பத்தியப் பட்டியல்களை நாம் அச்சடிக்க வேண்டாம்.

ந.:
அப்படியானால் வெள்ளை என்று தொடங்கும் ஒரு சொல்? லத்தீனிலும் கேண்டிடஸ் என்றால் வெண்மைதானே.

வா.:
கூடவே கூடாது. வெள்ளைப்படுதல் எல்லாம் கேண்டிடா இல்லை. தயிர்த் திப்பி போலக் கட்டியாக, அரிப்போடு வந்து, பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 4.5-க்குள் இருந்தால் கேண்டிடாவாக இருக்கலாம். மீன் நாற்றமும் 4.5-க்கு மேல் பி.எச்.சும் என்றால் பாக்டீரியாவாக இருக்கலாம். கசிவை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 10% ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்க்காமல் கடையில் மாத்திரை வாங்குவதால்தான் பாதிக் குழப்பம். மாத்திரைக்கு அடங்காவிட்டால் வளர்ப்புச் சோதனை, அதாவது கிருமியை வளர்த்து இனம் காண்பது. கேண்டிடாவில் கிளாப்ராட்டா என்ற இனம் ஃப்ளூகனசோலுக்கு எளிதில் மசியாது. அதற்குப் போரிக் அமிலக் குளிகை 600 மி.கி., இரவில் பெண்ணுறுப்பினுள் வைப்பது. விழுங்கினால் நஞ்சு, கருவுற்றவருக்கு ஆகாது. இந்த வரி தடித்த எழுத்தில் வரட்டும். வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுப்பது), கிளிமிபிரைடு (சர்க்கரை நோய் மாத்திரை) சாப்பிடுபவர்கள் ஃப்ளூகனசோலுக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதும்.

இ.:
நாள்பட்ட என்பதும் சரியில்லை. நாட்பட்ட என்றும் புணரும், அது இருக்கட்டும். பொருளே பிழை: இது இடைவிடாமல் இருப்பதில்லை, போய்ப் போய் வருவது. மீள்வரு.

செ.:
‘மீள்வரு’ எனக்கே இரண்டு தடவை படித்தால்தான் புரிகிறது. ‘அடிக்கடி திரும்பும்’.

ந.:
சரி, எண்ணிவிட்டேன். ‘அடிக்கடி திரும்பும் கேண்டிடா மிகைப்பெருக்கம்’ மூன்று பேர், மதுவம் ஒருவர், புரைமிகை ஒருவர். உள்ளே ஈஸ்ட் என்று வரும் முதல் இடத்தில் அடைப்புக்குள் மதுவம் சேர்க்கிறேன், யாழ்ப்பாணத்துக்கும் போகும் படி என்பதால்.

இ.:
அடைப்புக்குள் என்பதை எதிர்ப்போடு ஏற்கிறேன்.

புல.:
தலைப்பைத்தான் விட்டுவிட்டீர்கள். ‘மாதம்’ வடசொல், மருந்துப் பகுதியிலாவது ‘ஆறு திங்கள், வாரம் ஒன்று’ என்று திருத்துங்கள்.

வா.:
ஐயா, ஆறு திங்கட்கிழமை என்று படித்து ஆறாவது மாத்திரையோடு நிறுத்திவிடுவார்கள். ஏற்கெனவே அரிப்பு இரண்டு நாளில் அடங்கியதும் முதல் மாத்திரையோடு விடுபவர்கள் உண்டு. மாதம் இருக்கட்டும். பக்கத்திலேயே 26 கட்டம் போட்டுவிடுங்கள், வாரம் ஒன்றாக அடித்துக்கொள்ளட்டும்.