குளத்தின் சுவரை விட முடியவில்லை: பெரியவரான பின் நீச்சல் கற்றவர்களின் உதவி தேவை

வணக்கம். நாற்பது வயதைக் கடந்த பிறகு நீச்சல் கற்கத் தொடங்கியிருக்கிறேன். சில மாதங்களாக வகுப்புக்குத் தவறாமல் சென்றும், சுவரை விட்டுத் தனியாக மிதக்கும் அந்த முதல் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை.

நான் நிற்குமிடத்தில் நீர் மார்பளவுதான். கால் தரையில் நன்றாக ஊன்றுகிறது. சுவரைப் பிடித்தபடி முகத்தை நீருக்குள் வைத்து மூக்கு வழியாகக் குமிழி விடவும், பலகையைப் பிடித்துக்கொண்டு கால் உதைக்கவும் தடையின்றி வருகிறது. ஆனால் கையை எடுக்க நினைத்த கணமே கழுத்தும் தோள்களும் இறுகி, தலை தானாக மேலே எழும்ப, இடுப்பும் கால்களும் கீழே இறங்கிவிடுகின்றன. விரல் நுனிகள் வெளுக்கும் அளவுக்கு விளிம்பைப் பற்றிக்கொள்கிறேன்.

நுரையீரல் நிறையக் காற்றிருந்தால் பெரும்பாலானோரின் உடல் மிதக்கும் என்பதும், மூச்சை அடக்கும்போது எழும் தவிப்புக்கு முதன்மைக் காரணம் ஆக்சிஜன் குறைவு அன்று, உடலில் சேரும் கரியமில வாயுவே என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கை விடுவதில்லை. ஆகவே மேலும் விளக்கங்கள் உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இறங்குமுன் நிதானமாக மூச்சு விட்டுப் பார்த்தேன். மல்லாந்து மிதக்கவும் முயன்றேன். பயிற்சியாளர் முதுகைத் தாங்கும் வரை உடல் தளர்ந்திருக்கிறது, அவர் கையை விலக்கியதும் மீண்டும் இறுகிவிடுகிறது. காற்றடைத்த கைப்பட்டைகளைக் கழற்றினாலும் இதே நிலைதான்.

இதே இடத்தில் தவித்துக் கடந்து வந்தவர்களிடம் கேட்கிறேன்: முதன்முதலாகச் சுவரை விடுவதற்குச் சற்று முன், உங்களுக்குக் கைகொடுத்த பயிற்சி எது?