லண்டன்காரர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார், அதுவும் நல்லதாகப் போயிற்று

வியாசர்பாடியிலிருந்து:

இணையத்தில் கருத்தரங்கு நடத்திய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். என்னுடையதைச் சொல்கிறேன்.

ஆய்வு மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து, இடப்பெயர்வு ஆய்வுகள் பற்றி இரண்டு நாள் நிகழ்ச்சி நடத்தினோம். அரங்கம் வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மாடி அறைதான். கையில் காசு இல்லை என்பது ஒரு காரணம். நேரில் கூப்பிட்டால் யாருக்கு விசா கிடைக்கிறதோ அவர்தான் பேசுவார் என்பது இன்னொன்று. ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். நண்பர் ஒருவரின் கல்லூரிக் கணக்கில் அதைச் சமாளித்தோம்.

முதல் தகராறு தலைப்பில் வந்தது. கட்டுரைகளுக்கான அழைப்பைத் தமிழிலும் போட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். 'மைக்ரேஷன்' இடப்பெயர்வு, சரி. 'மொபிலிட்டி'யை என்ன செய்வது? ஒருவர் 'அசைவாற்றல்' என்றார். மூட்டுவலி முகாம் நோட்டீஸ் மாதிரி இருந்தது. கடைசியில் 'நகர்வு' என்று வைத்தோம். ஊர் விட்டு ஊர் போவது மட்டும் இல்லை, தினமும் வேலைக்குப் போய் வருவது, சரக்கு போவது, போக முடியாமல் ஓரிடத்தில் காத்துக் கிடப்பது எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஜான் அர்ரி என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் போன்றவர்கள் சொன்ன விஷயம் அது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் 2021இல் மெட்ரோ வந்த பிறகு எங்கள் பக்கத்து ஆட்களின் காலை நேரம் எப்படி மாறியது என்பதும் இதில் அடக்கம்.

அழைப்பு போன இரண்டாம் நாள் யாழ்ப்பாணத்து மாணவி ஒருவரிடமிருந்து மின்னஞ்சல். அங்கே இடம்பெயர்வு என்றால் போரில் வீட்டை விட்டு நாட்டுக்குள்ளேயே ஓடியது. வெளிநாடு போனால் அது புலம்பெயர்வு. "வேலைக்குத் திருப்பூர் போனவரையும் எங்களையும் ஒரே சொல்லில் போட்டிருக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார். பதில் எழுத எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

அப்புறம் அந்த நேர விவகாரம். அக்டோபர் கடைசி சனி, ஞாயிறு என்று தேதி வைத்திருந்தோம். அட்டவணையில் மாலை 7 மணி, லண்டன் பிற்பகல் 2.30, டொராண்டோ காலை 9.30 என்று இரண்டு நாளுக்கும் ஒரே மாதிரி அச்சடித்தாயிற்று. சனிக்கிழமை ஒரு குறையும் இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு விடிகாலையில் இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். வட அமெரிக்காவில் அது நவம்பர் முதல் ஞாயிறுதான். ஆக டொராண்டோ மாணவர் காபிக் கோப்பையோடு சரியாக வந்து உட்கார்ந்துவிட்டார். அமர்வுக்குத் தலைமை தாங்க வேண்டிய லண்டன் பேராசிரியரைக் காணோம். அழைத்தால், "எனக்கு மணி ஒன்றரைதானே, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே" என்கிறார். இங்கே வெளியில் அடைமழை, கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர், 7.10க்குக் கரண்ட் போயிற்று. செல்போன் இணைப்பில் மடிக்கணினியைப் போட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நானே தலைவராக உட்கார்ந்தேன். முகம் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

டொராண்டோ மாணவர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். மீதியை ஓட்ட வேண்டுமே, பார்வையாளர்கள் யாராவது பேசுங்கள் என்றேன். ஒரு அக்கா மைக்கைத் திறந்தார். இங்கே பக்கத்தில் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்து, இப்போது நகரத்தின் தென்கோடியில் பெரும்பாக்கத்தில் இருக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவள் போனில் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"எங்களை லாரியில சாமானோட ஏத்தி அனுப்புனாங்க தம்பி. நானா போகல. அதே மெட்ராஸ்தான். ஆனா வூட்டு வேலைக்கு இப்ப ரெண்டு பஸ் மாறி பழைய ஏரியாவுக்கே வரேன். உங்க நோட்டீஸ்ல இதுக்கு என்ன பேரு?"

யாரும் பேசவில்லை. இடப்பெயர்வு என்று சொல்ல வாய் வரவில்லை. மறுகுடியமர்வு என்பது கோப்பில் எழுதுகிற சொல். யாழ்ப்பாணத்து மாணவிதான் மைக்கை எடுத்து, "அக்கா, நீங்கள் அதை என்னெண்டு சொல்லுவீங்கள்?" என்று கேட்டார். "தூக்கினு போய்ப் போட்டாங்கன்னு சொல்வோம்" என்றார் அந்த அக்கா. பிறகு இருவரும் இருபது நிமிடம் பேசினார்கள். பள்ளி பாதியில் நின்றது, ரேஷன் அட்டை மாற அலைந்தது, பழைய தெருவின் கோயில் திருவிழாவுக்கு இன்னமும் போவது. 8 மணிக்கு லண்டன்காரர் உள்ளே வந்து, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

காசிமேட்டிலிருந்து:

அண்ணா, நேரத்தை விடுங்கள், பதிவு செய்வதில் கவனம். நான் உதவிக்கு இருந்த ஒரு நிகழ்ச்சியில், விசைப்படகுகளில் வேலை செய்யும் வெளிமாநில ஆட்களைப் பற்றி ஒருவர் பேசினார். காட்டிய படங்களில் எல்லா முகங்களையும் ஒழுங்காக மங்கலாக்கியிருந்தார். படகின் பதிவு எண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது! "இது எங்க மாமா படகு" என்று அரட்டைப் பெட்டியில் ஒருத்தன் எழுதிவிட்டான். அதில் வேலை செய்பவரின் முன்பணம், கூலிப் பாக்கி எல்லாம் திரையில் அதே பக்கத்தில் இருந்தது. உடனே பதிவை நிறுத்தினோம், அந்தப் பகுதியை வெட்டிப் போட்டோம். அந்தத் தொழிலாளிக்கு அதனால் வேலை போகவில்லை என்று தெரியும்வரை எனக்குத் தூக்கம் இல்லை.

பி.வி. காலனியிலிருந்து:

சொல் பஞ்சாயத்து எங்கள் வீட்டிலும் நடந்தது. பர்மாவிலிருந்து வந்தவர்கள் பற்றிய இணைய உரை ஒன்றைப் பாட்டியோடு கேட்டேன். 1962இல் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தது, கடைகளை அரசுடைமை ஆக்கியது, கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கியது என எல்லாம் சரியாகத்தான் சொன்னார்கள். பாட்டிக்கு 'தாயகம் திரும்பியோர்' என்பதுதான் பிடிக்கவில்லை. "நான் பொறந்ததே ரங்கூன்ல. எங்க திரும்புனேன்?" என்றார். அவருடைய அப்பா 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நடந்தே இந்தியா வந்து, போர் முடிந்ததும் மறுபடி ரங்கூனுக்கே போனவர். அதை உரையில் யாரும் தொடவில்லை. கேள்வி கேட்கச் சொன்னேன், அதற்குள் பாட்டி அத்தோவுக்கு, அதுதான் அந்த பர்மா நூடுல்ஸுக்கு, வெங்காயம் வறுக்க எழுந்து போய்விட்டார்.

வியாசர்பாடியிலிருந்து:

பாட்டியை அடுத்த முறை கட்டாயம் உட்கார வையுங்கள், அத்தோ நான் வாங்கி வருகிறேன். தேதி மார்ச் கடைசி வாரம் என்றார்கள். அப்போதும் இங்கிலாந்தில் கடிகாரம் மாறும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிப்ரவரி. அழைப்பில் சொற்களை நாங்கள் முடிவு செய்யாமல், 'நீங்கள் இதை என்னவென்று சொல்வீர்கள்?' என்று ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். பெரும்பாக்கத்து அக்காவின் மகள்தான் முதலில் நிரப்பி அனுப்பினாள்.