கேம் போட்டி வைத்துக் கொப்பி வாங்கிக் கொடுக்கலாமா?

ஹட்டன் உயர்தரம்:
எங்கள் வகுப்பில் சிலர் சேர்ந்து ஆகஸ்ட் விடுமுறையில் ஹட்டனில் மண்டபம் எடுத்து கேம் போட்டி வைக்க இருக்கிறோம். பிளேஸ்டேஷனில் கால்பந்து, நுழைவுக் கட்டணம் 500 ரூபாய். சேரும் காசில் தேயிலைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பி. துப்பாக்கி கேம் கிடையாது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நோர்வூட் அப்பா:
கொப்பி நல்ல விஷயம். அதற்கு ஏன் கேம்? வீட்டில் போனைப் பிடுங்குவதே தினசரி சண்டை. கேம் அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது, 2022இல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. கிரிக்கெட் மெட்ச் வையுங்கள், முதல் காசு நான் தருகிறேன்.

டிக்கோயா பையன்:
ஆகஸ்டில் ஹட்டனில் கிரிக்கெட்டா அண்ணே? மழை விட்டால் பனிமூட்டம், பந்தைத் தேடவே ஒரு டீம் வேண்டும்.
அந்த நோய் விஷயத்தையும் முழுசாகச் சொல்லுங்கள். கட்டுப்பாடு போய், மற்ற வேலையெல்லாம் கெட்டு, பொதுவாக 12 மாதமாவது அப்படியே நீடித்தால்தான் நோய் என்கிறார்கள். ஒரு நாள் போட்டி அதில் வராது.

லயத்துப் பெண்:
நல்லதா கெட்டதா என்று அடித்துக்கொள்கிறீர்கள். யாருடைய பிள்ளை விளையாடப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.
2024இல்தான் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் 500 ரூபாய் என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பஸ் காசு வேறு. எங்கள் பையன்கள் விளையாடுவது போனில் ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கி கேம். பிளேஸ்டேஷனைத் தொட்டுப் பார்த்தவன் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒருத்தன்கூட இல்லை. துப்பாக்கி வேண்டாம் என்று நல்ல மனதோடுதான் முடிவெடுத்திருப்பீர்கள். ஆனால் அதுவே எங்கள் பையன்களை வாசலில் நிறுத்திவிடுகிறது.
டவுன் பிள்ளைகள் விளையாடிக் கோப்பை வாங்குவார்கள். எங்கள் பிள்ளைகள் மேடையேறிக் கொப்பி வாங்கி, கும்பிட்டுவிட்டு போட்டோவுக்கு நிற்பார்கள். அந்தப் போட்டோ எங்களுக்கு வேண்டாம்.

பதுளை பழைய மாணவன்:
தங்கச்சி சொல்வது சரி. காசை விளையாடுகிறவனிடம் வாங்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? கனடாவில் ஒரு நகைச்சுவைக் குழு 2007இல் ஒரு வேலை செய்தது. பாலைவனப் பாதையில் 8 மணி நேரம் பஸ் ஓட்டும் கேம், வழியில் ஒரு வளைவுகூடக் கிடையாது (நம் மலைப்பாதை டிரைவர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்). அதை மாறி மாறி ஓட்டி இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். காசு சேரச் சேர ஓட்டும் நேரமும் நீளும். கொடுத்ததெல்லாம் பார்த்தவர்கள்தான். மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்க அந்தக் காசு போனது. இன்னும் வருடா வருடம் நடக்கிறது.
இங்கே உங்கள் கணித சேரை கேம் கன்ட்ரோலரைப் பிடிக்க வையுங்கள். அவர் தோற்பதைப் பார்க்க யார்தான் காசு தரமாட்டார்கள்?

நோர்வூட் அப்பா:
சேர் தோற்பதைப் பார்க்க நானும் வருவேன், அது வேறு கதை. கட்டணத்தை எல்லாரிடமும் சேர்த்து, ஜெயித்தவனுக்கு அதிலிருந்தே பரிசுக்காசு கொடுத்தால் அதற்குப் பெயர் சூது. கணக்கை யார் பார்ப்பது? போன தடவை எங்கள் பக்கம் நிவாரணம் என்று சேர்த்த காசு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

ஹட்டன் உயர்தரம்:
பரிசுக்காசு இல்லை அண்ணே, கோப்பை மட்டும்தான். அதையும் ஒரு கடைக்காரர் தருகிறார். ரசீதுப் புத்தகம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் இருக்கும், கொப்பிக் கடைக்கு அவர்களே நேரடியாகக் காசு கட்டுவார்கள்.
கட்டணத்தை அடியோடு எடுக்க முடியுமா என்று தெரியவில்லை, மண்டபத்துக்கும் ஜெனரேட்டருக்கும் காசு வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று போடலாமா?

லயத்துப் பெண்:
வேண்டாம். எல்லாருக்கும் இலவசம் என்று போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாருக்கும் 50 ரூபாய். எங்களுக்கு மட்டும் தனி வரிசை வைக்காதீர்கள். எந்த கேம் என்று முடிவெடுக்கும்போது எங்கள் பையன்களில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். கொப்பியை வகுப்பாசிரியர் வகுப்பிலேயே கொடுக்கட்டும், மேடை வேண்டாம்.

டிக்கோயா பையன்:
அப்போ ஃப்ரீ ஃபயர் வருமா?

நோர்வூட் அப்பா:
அது வந்தால் என் பையன் வரமாட்டான்.

லயத்துப் பெண்:
அதைக் கூட்டத்தில் பேசுங்கள். பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ் போகுமுன் இறுதிப் போட்டி முடியுமா? நேரத்தை முதலில் நோட்டீசில் போடுங்கள்.