சின்ன வெங்காய வேரில் வாம் தெரியவில்லை, நீல ஸ்பிரிங் மட்டும் தெரிகிறது: எங்கே தப்பு?

வெங்காயத்தாள் (கேட்டவர்):

வணக்கம். எம்.எஸ்சி. தாவரவியல் இறுதி ஆண்டு. சின்ன வெங்காயத்தில் வாம் (வேர் உட்பூசணம்) எவ்வளவு பிடிக்கிறது என்பதுதான் ப்ராஜெக்ட். ஆறு சட்டி. மூன்றில் வாம் கலந்தேன், மூன்றில் கலக்கவில்லை. 45-ஆம் நாள் பிடுங்கி, வேரைக் கழுவி, 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கினேன். அப்புறம் சீனியர் ஒருவர் விட்டுப்போன நோட்டில் இருந்தபடியே செய்தேன். 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 90 டிகிரி வாட்டர் பாத், ஒன்றரை மணி நேரம். தண்ணீரில் மூன்று முறை அலசல். 0.05 சதவீத ட்ரைபான் ப்ளூ சாயத்தில் ஒரு ராத்திரி. காலையில் கிளிசரின் விட்டு ஸ்லைடு.

பார்த்தால் எல்லாமே நீலம். நடுவில் நீளமாக ஒரு கயிறு, அதற்குள் பேனா ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளாக ஏதோ ஓடுகிறது. அதுதான் ஹைஃபா (பூசண இழை) என்று நாலு படம் எடுத்துக் கைடிடம் காட்டினேன். சிரித்தார். "இன்னும் பார்" என்றார், அவ்வளவுதான்.

ஆர்பஸ்கியூல் (வேர்செல்லுக்குள் பூசணம் குட்டி மரமாகக் கிளைப்பது) ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இரண்டு ஸ்லைடில் வட்டமாகச் சில தெரிகின்றன, வெசிக்கிளா (பூசணத்தின் பை போன்ற வீக்கம்) என்று தெரியவில்லை. அடுத்த வாரம் ரிவ்யூ. யாராவது சொல்லுங்கள்.

லேப் தூசி:

அமிலம் எங்கே? காரத்தில் வெந்த வேரை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு நேராகச் சாயத்தில் போட்டிருக்கிறீர்கள். நடுவில் 1 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொஞ்ச நேரம் ஊற வேண்டும். வேரில் காரம் மிச்சமிருந்தால் ட்ரைபான் ப்ளூ பூசணத்தில் ஒழுங்காகப் பிடிக்காது. அமிலத்துக்குப் பிறகு மறுபடி தண்ணீரில் அலசாதீர்கள், வடித்துவிட்டு அப்படியே சாயம்.

இன்னொன்று, சாயம் ஏற்றினீர்கள், இறக்கவே இல்லையே. லாக்டிக் அமிலம், கிளிசரின், தண்ணீர் மூன்றும் சம அளவு கலந்து, சாயம் இல்லாமல், அதில் ஒரு நாளாவது போட்டு வையுங்கள். செடியின் செல்கள் வெளுக்கும், பூசணத்தில் நீலம் நிற்கும்.

வேர்க்கால்:

மேலே சொன்னது சரி. ஆனால் இங்கே முதல் குற்றவாளி வேறு.

அந்த ஸ்பிரிங் பூசணம் இல்லை தம்பி, சைலம். தண்ணீர் ஏற்றும் குழாயின் சுவரில் இருக்கும் சுருள் தடிப்பு. கைடு ஏன் சிரித்தார் என்று இப்போது புரிந்திருக்கும். ஹைஃபாவில் அப்படிச் சுருள் இருக்காது. வாம் ஹைஃபா ஒழுங்கில்லாமல் வளைந்து போகும், தடிமன் மாறிக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் குறுக்குச் சுவரும் இராது.

இப்போது அடுத்த கேள்வி: சைலம் ஏன் இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது? அதைச் சுற்றி இருக்க வேண்டிய புறணி (தோலுக்கும் நடு உருளைக்கும் இடையே உள்ள செல் அடுக்குகள்) இல்லை. வெங்காய வேர் மெல்லியது, நிறமும் கிடையாது. அதை ஒன்றரை மணி நேரம் வேக வைத்தால் புறணி கூழாகிக் கழன்றுவிடும். நடு உருளை மட்டும் மிஞ்சும். ஆர்பஸ்கியூல் உட்காருவது புறணி செல்லுக்குள். நடு உருளைக்குள் வாம் போகவே போகாது. ஆக, நீங்கள் தேடியதை அலசின தண்ணீரோடு சிங்க்கில் ஊற்றிவிட்டீர்கள். அலசும்போது தண்ணீர் கலங்கலாக, தோல் தோலாக வந்ததா?

வெங்காயத்தாள்:

ஐயோ, வந்தது அக்கா! மண் என்று நினைத்தேன். நோட்டில் ஒன்றரை மணி என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது.

வேர்க்கால்:

அந்த சீனியர் எந்தச் செடியில் செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். மர வேராக இருந்தால் அந்த நேரம் பொருந்தும். இந்த முறையின் மூல வடிவம் 1970-இல் பிலிப்ஸ், ஹேமன் இருவரும் எழுதியது. அதைப் படி எடுத்துப் படி எடுத்து ஒவ்வொரு லேபிலும் ஒரு நேரம் ஓடுகிறது. நேரத்தை நோட்டு சொல்லக் கூடாது, வேர் சொல்ல வேண்டும். 20 நிமிடத்தில் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி மாதிரி ஆகியும் வடிவம் குலையாமல் இருந்தால் போதும். ஆகவில்லையா, இன்னும் பத்து நிமிடம். சூடான காரம் கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். கையுறையோடு கண்ணாடியும் போடுங்கள்.

மைக்கூடு:

நான் பள்ளி ஆசிரியர். ட்ரைபான் ப்ளூவைப் பிள்ளைகள் கையில் கொடுக்க மனசு வரவில்லை, அது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் இருக்கிற சாயம். 1998-இல் வியர்ஹைலிக்கும் உடன் ஆய்வாளர்களும் ஒரு எளிய வழி எழுதினார்கள்: பேனா மையும் வினிகரும். 5 சதவீத அசெட்டிக் அமிலம் உள்ள வினிகர் 95 மில்லி, மை 5 மில்லி. வெந்த வேரை அதில் 3 நிமிடம் கொதிக்க விட்டு, சில சொட்டு வினிகர் விட்ட குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் போட்டால் வேரின் நிறம் இறங்கிவிடும். வினிகரே அமிலம் என்பதால் தனி அமிலக் குளியலும் வேண்டாம்.

லேப் தூசி:

ஐயா, எல்லா மையும் வேலை செய்யாது. நான் இரண்டு வாங்கி இரண்டும் வேரில் பிடிக்கவில்லை.

மைக்கூடு:

உண்மைதான். படம் வரைகிற வாட்டர்ப்ரூஃப் மை ஆகவே ஆகாது, அது துகள். ஊற்றுப்பேனா மைதான் வேண்டும், அதிலும் கறுப்பையும் நீலத்தையும் சிறு அளவில் சோதித்துவிட்டு வாங்குங்கள். எனக்கு மூன்றாவது புட்டியில்தான் அமைந்தது.

வேர்க்கால்:

வட்டமாகத் தெரிந்ததைப் பற்றி: கவர் ஸ்லிப்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தட்டுங்கள். நகர்ந்தால், கறுத்த தடித்த விளிம்பு இருந்தால், காற்றுக்குமிழி. வெசிக்கிள் வேருக்குள் செல் சுவரோடு ஒரே ஃபோகஸில் வரும், முட்டை வடிவம், ஏதோ ஒரு பக்கம் ஹைஃபா ஒட்டியிருக்கும். அந்தக் காம்பு தெரியாமல் வெசிக்கிள் என்று எழுதாதீர்கள்.

ஆர்பஸ்கியூலை 10 எக்ஸில் பார்த்தால் செல்லுக்குள் நீலப் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். 40 எக்ஸுக்குப் போய், டயாஃப்ரத்தை (மைக்ராஸ்கோப்பின் வெளிச்சத் துளையை) கொஞ்சம் மூடினால்தான் கிளைகள் பிரியும். வெங்காயத்தில் ஆரம் வகை, அதாவது செல்களுக்கு இடையே ஹைஃபா நேராக ஓடி, பக்கத்துச் செல்லுக்குள் கிளை நுழைந்து குட்டி மரமாகும். ஒவ்வொன்றும் சில நாட்களே உயிரோடு இருக்கும், அப்புறம் சுருங்கிக் கட்டியாகிவிடும். அதனால் தடித்த கிழட்டு வேரை விட்டுவிட்டு இளம் வேரை எடுங்கள்.

உரம் என்ன போட்டீர்கள்?

வெங்காயத்தாள்:

டி.ஏ.பி. ஒரு கைப்பிடி, ஆறு சட்டிக்கும் பிரித்து. வீட்டில் போடுகிற பழக்கம்.

லேப் தூசி:

அங்கேயும் கொஞ்சம் அடி. டி.ஏ.பி.யில் 46 சதவீதம் பாஸ்பேட். பாஸ்பரஸ் தாராளமாகக் கிடைத்தால் செடி பூசணத்துக்குச் சர்க்கரை கொடுத்து ஏன் வைத்துக்கொள்ளும்? பிடிப்பு குறையும். முழுக்கப் போய்விடாது, ஆனால் குறையும்.

வெங்காயத்தாள் (நான்கு நாள் கழித்து):

கிடைத்துவிட்டது! மிச்ச வேரை 50 சதவீத ஆல்கஹாலில் போட்டு வைத்திருந்தது நல்லதாய்ப் போனது. 25 நிமிடம், அமிலம், சாயம், இரண்டு நாள் நிறம் இறக்கல். புறணி அப்படியே இருக்கிறது. ஒரே துண்டில் வரிசையாகப் பதினொரு ஆர்பஸ்கியூல். ராத்திரி எட்டு மணிக்கு லேபில் தனியாகக் கத்தினேன், வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார்.

ஆனால் புதுச் சிக்கல். வாம் கலக்காத சட்டியிலும் இருக்கிறது.

வேர்க்கால்:

மண்ணை அவித்தீர்களா?

வெங்காயத்தாள்:

இல்லை. தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளினேன்.

வேர்க்கால்:

அப்புறம் இல்லாமல் எப்படி இருக்கும்? தோட்ட மண்ணில் வாம் ஏற்கெனவே குடியிருக்கும். அந்தச் சட்டிகளுக்கு "வாம் இல்லாதது" என்ற பெயரை எடுத்துவிட்டு "வாம் சேர்க்காதது" என்று எழுதி, இரண்டையும் எண்ணி ஒப்பிடுங்கள். எண்ணும்போது, துண்டில் ஒரு புள்ளி இருந்தாலும் முழுத் துண்டையும் கணக்கில் சேர்த்தால் சதவீதம் ஊதிப்போகும். பெட்ரி தட்டில் கட்டம் வரைந்து, வேர் கோட்டை வெட்டும் இடங்களை மட்டும் எண்ணுங்கள். நூறு வெட்டாவது வேண்டும்.

வெங்காயத்தாள்:

சரி அக்கா. ஆறாவது சட்டியில் பாதித் துண்டு சுத்தமாகக் காலி, பாதியில் நிறைய. அது ஏன்?

மைக்கூடு:

அந்தச் சட்டியில் களை ஏதும் முளைத்ததா?

வெங்காயத்தாள்:

குப்பைக்கீரை முளைத்தது ஐயா. கிள்ளிப் போட்டேன். வேரைப் பிடுங்கவில்லை.

மைக்கூடு:

கீரைக் குடும்பத்து வேரில் வாம் பெரும்பாலும் பிடிக்காது. காலித் துண்டுகள் அதன் வேராக இருக்கலாம். ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் பிரித்துவிடலாம்: வெங்காய வேர் வெள்ளையாக, அதிகம் கிளைக்காமல், வேர்த்தூவி அநேகமாக இல்லாமல் இருக்கும். மெல்லிசாகக் கிளைத்து மயிர் மயிராக இருப்பதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி எண்ணுங்கள்.