எல்க் வேட்டையில் 400 கஜம்: காற்றைக் கணிக்க உதவுங்கள்

வணக்கம். அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளுக்கு எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகிறேன். துப்பாக்கி 300 வின்செஸ்டர் மேக்னம் ரகம், 180 கிரெய்ன் எடையுள்ள தோட்டா, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) 200 கஜத்துக்குச் சரிசெய்திருக்கிறேன். பயிற்சி எடுப்பது டென்வர் பக்கம், சுமார் 5,300 அடி உயரத்தில். வேட்டை 10,000 அடியில். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் தோட்டா கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கும், அதைத் தோட்டாவின் பாதையைக் கணக்கிடும் கைபேசிச் செயலி கணக்குப் போட்டுவிடும். சரிவில் சுடும்போது எடுக்க வேண்டிய கிடைமட்டத் தூரத்தையும் ரேஞ்ச்ஃபைண்டரே (தூரம் அளக்கும் கருவி) காட்டுகிறது. சரி, அது போதும்.

காற்றுதான் பிடிபடவில்லை. நான் இருக்கும் இடத்தில் ஒரு வேகம், நடுப் பள்ளத்தில் வேறு திசை, எல்க் நிற்கும் எதிர்ச்சரிவில் இன்னொன்று, கையில் இருக்கும் காற்றுமானியோ என் பக்கத்தை மட்டும்தான் சொல்லும். மணிக்கு 10 மைல் பக்கக்காற்று 400 கஜத்தில் தோட்டாவை முக்கால் அடிக்கு மேல்கூடத் தள்ளலாம். நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் பட்டால் அந்த மிருகம் மணிக்கணக்கில் துடிக்கும், அதை என்னால் ஏற்க முடியாது.

மலையில் சுட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்: எந்த இடத்துக் காற்றை முக்கியமாக எடுப்பீர்கள்? புல்லையும் கானலையும் பார்த்து வேகத்தை எப்படிக் கணிப்பது? அப்புறம், மேடேறி மூச்சிரைக்கும்போது முதுகுப்பை மேல் துப்பாக்கியை வைத்துச் சுட எப்படிப் பயிற்சி எடுத்தீர்கள்? எத்தனை கஜத்துக்கு மேல் சுடாமல் விட்டுவிடுவீர்கள் என்பதையும் எழுதுங்கள்.