புதுப்பிப்பு: மினியேச்சர் வீட்டில் சுவர்த்தாள் கொப்புளம் விட்டது, மை கசிந்தது – சரியாகிவிட்டது

ஈரோட்டுப் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடு (நடுவில் திறந்த முற்றம் உள்ள பழைய வீடு) ஒன்றை 1:12 அளவில், அதாவது நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்கிறேன், அச்சடித்த சுவர்த்தாளும் தரைத்தாளும் ஒட்டியதும் மை கசிந்து கொப்புளம் விடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

லேசர் பிரிண்ட் எடுக்கச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. நான் எடுத்திருந்தது இங்க்ஜெட். அந்த மை தண்ணீரில் கரையும், வெள்ளைப் பசையிலோ தண்ணீர்தான் அதிகம். லேசர் பிரிண்டில் மைக்குப் பதில் வரும் டோனரோ சூட்டில் உருகித் தாளோடு பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தூள். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எடுத்தேன், துளிகூடக் கசியவில்லை. பிரிண்ட் கொடுக்கும்போது, படத்தைத் தாளுக்கேற்பச் சுருக்கிவிடும் 'பக்கத்துக்குப் பொருத்து' (Fit to page) என்பதை மறக்காமல் எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் 10 அங்குல ஓடு 21 மி.மீ. வரவேண்டிய இடத்தில் சிறுத்துவிடும்.

கொப்புளத்துக்கு அக்கா ஒருவர் சொன்ன வழி: தாளை முதலில் குச்சிப் பசையால் மெல்லிய அட்டையில் ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் அட்டையோடு சுவரில் பொருத்துவது. இப்போது சுவர் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

எதிர்பாராத விஷயம் ஒன்று. மூலையில் மடித்த இடத்தில் டோனர் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரிந்தது. அங்கே மடிக்காமல் வெட்டிச் சேர்த்து, வெட்டு ஓரத்தில் அதே நிறக் கலர் பென்சிலை ஓட்டினேன், மறைந்துவிட்டது. அப்புறம், ரெட் ஆக்சைடு தரைக்கு வார்னிஷே தேவைப்படவில்லை. அடர் சிவப்பில் டோனரின் லேசான பளபளப்பே, தேய்த்துத் தேய்த்து மெருகேறிய பழைய திண்ணையை அப்படியே கொண்டுவந்துவிட்டது.