"ரொ" வரிசைப் பாடல்கள் ஓரிடத்தில் சேரவில்லை: வழி சொல்லுங்கள்

மழைக்காகம்:
வணக்கம். ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வோகலாய்டு எனும் பாட்டு மென்பொருளின் கணினிக் குரல்கள் பாடும் பாடல்களை ஜப்பானியருடைய அகரவரிசைப்படி, ஓர் இரவுக்கு ஓர் எழுத்து என்று கேட்டு வருகிறேன். இப்போது "ரொ" எழுத்துக்கு வந்து நிற்கிறேன். வரிசையில் கடைசிக்குச் சற்று முந்திய இடம் இது.

என்னிடம் ஆறு பாடல்கள் இருக்கின்றன. டோரிகோவின் "ரொமியோ தொ ஷின்டெரெரா" (2009), வோவாகாவின் "ரோரின் காரு" (2010) இரண்டும் ஹட்சுனே மிக்கு என்ற கணினிக் குரல் பாடியவை. இரோஹாவின் "ரொஷின் யூகாய்" (2008), நெருவின் "ரொசுடொவன் நோ கோகொக்கு" (2013), மிகிட்டோ-பியின் "ரொக்கி" (2018) மூன்றிலும் ககமினே ரின் என்ற இன்னொரு கணினிக் குரல். கெமுவின் "ரொகுச்சோனென் தொ இச்சியா மொனொகதரி" (2012) இயா என்ற கணினிக் குரலில் வந்தது.

தலைப்பின்படி அடுக்கச் சொன்னால் என் பிளேயர் ரொக்கி, ரொசுடொவன், ரொமியோ, ரோரின் என்று நான்கை மட்டும் சேர்த்துக் காட்டுகிறது. ரொகுச்சோனென் எங்கோ கீழே கிடக்கிறது. ரொஷின் அதற்கும் வெகு கீழே. கோப்பு பழுதா, எழுத்துரு பழுதா என்று மூன்று மாலைகள் தேடினேன். பிளேயரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவியும் பார்த்தேன். மாற்றமே இல்லை.

கோடைமேகம்:
தலைப்புகளையெல்லாம் ஆங்கில எழுத்தில் மாற்றி எழுதிவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

செவிவழி:
தம்பி மழைக்காகம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜப்பானிய மொழியில் ரகரமும் லகரமும் ஒரே ஒலி. ஆங்கிலத்துக்குப் போனதும் ரொமியோ "ஆர்" எழுத்தில் நிற்கும், ரொசுடொவன் "லாஸ்ட் ஒன்" ஆகி "எல்" எழுத்துக்கு ஓடிவிடும். ரொஷின் யூகாய் வெளிநாட்டு ரசிகர்களிடம் "மெல்ட்டவுன்" என்ற பெயரில்தான் புழங்குகிறது. அது "எம்" எழுத்துக்குப் போய்விடும். உடைந்த வரிசையை வேறு விதமாக உடைத்தது போல் ஆகும்.

உங்கள் கோப்பிலும் எழுத்துருவிலும் பழுதில்லை. பிளேயருக்குத் தலைப்பை வாசிக்கத் தெரியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடு என்ற கணினி எழுத்துத் தரம் கொடுத்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிறது. ஜப்பானியரின் ஒலியெழுத்துகளில் ஒன்றான கத்தகானாவில் எழுதப்பட்ட நான்கு தலைப்புகளும் 12525 என்ற ஒரே எண்ணில் தொடங்குவதால் சேர்ந்து நிற்கின்றன. மற்ற இரண்டும் சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்தில் தொடங்குபவை. ரொகுச்சோனென்னின் முதல் எழுத்து "ஆறு" என்ற எண்ணைக் குறிப்பது, அதன் எண் 20845. ரொஷினின் முதல் எழுத்து உலையைக் குறிப்பது, அதன் எண் 28809. வாயால் சொன்னால் இரண்டும் "ரொ" என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். எழுத்தில் அதற்கு எந்த அடையாளமும் இல்லை.

ஆகவே வாசிப்பை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும். தலைப்பைத் தொடாதீர்கள். கோப்புக்குள் பாடல் விவரங்களை வைக்கும் டேக்குகளில் அடுக்குவதற்கென்றே தனி இடம் உண்டு: எம்பி3 கோப்பில் "டி எஸ் ஓ டி", ஃபிளாக் கோப்பில் "டைட்டில்சார்ட்". ஆறு பாடல்களுக்கும் அங்கே அவர்களுடைய இன்னோர் ஒலியெழுத்தான ஹிரகானாவில் உச்சரிப்பை எழுதுங்கள். சிலவற்றை ஹிரகானாவிலும் சிலவற்றைக் கத்தகானாவிலும் எழுதிவிடாதீர்கள், மறுபடி இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். பிறகு பிளேயரின் நூலகத்தை மீண்டும் படிக்கச் செய்யுங்கள்.

மழைக்காகம்:
அக்கா, ஆறும் ஒன்றாக வந்துவிட்டன! மிக்க நன்றி. ஒரே ஒரு குறை: ரோரின் காரு கடைசியில் நிற்கிறது. என் பாடப்புத்தகத்தின் முறைப்படி அதுதான் முதலில் வர வேண்டும்.

செவிவழி:
உயிரொலியை நீட்டக் கோடாகப் போடும் நீட்டல் குறியை அப்படியே எழுதியிருப்பீர்கள். அந்தக் கோட்டின் எண் 12540. ஹிரகானா எழுத்துகள் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஜப்பானிய அகராதிகள் பெரும்பாலும் அதை முன் எழுத்தின் உயிராகவே எண்ணுகின்றன. ஆகவே அடுக்கும் இடத்தில் மட்டும் கோட்டுக்குப் பதிலாக "ஒ" எழுத்தைப் போட்டு "ரொ-ஒ-ரி-ன்" என்று எழுதுங்கள். உயிரெழுத்து முதலில் வருவதால் "ரொ-ஒ" தானாக "ரொ-கி"க்கு முன்னால் போய்விடும். "காரு" என்பதிலும் "க-அ" என்று மாற்றுங்கள். குறியை அறவே விட்டுவிட்டு அடுக்கும் வழக்கமும் உண்டு; அப்படிச் செய்தால் ரோரின் கடைசியில் நிற்பதே சரி. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நிலாமுற்றம்:
இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேத்தியோடு சேர்ந்து இந்தப் பாடல்களைக் கேட்கிறேன். ரொக்கி நீங்கலாக மற்ற ஐந்து தலைப்புகளின் முதற்சொல்லைப் பாருங்கள். மூன்று மேற்கிலிருந்து வந்தவை. ஆறைக் குறிக்கும் "ரொகு", உலையைக் குறிக்கும் "ரொ" இரண்டும் சீனத்திலிருந்து வந்தவை. ஜப்பானியரின் பழஞ்சொற்கள் ரகரத்தில் தொடங்குவதில்லை. நமக்கும் அப்படித்தான். தொல்காப்பியம் மொழிமுதல் எழுத்துகளில் ரகரத்தைச் சேர்க்கவில்லை. இராமன், உரோமம் என்று முன்னால் ஓர் உயிரை வைத்தே எழுதினோம். உங்கள் "ரொ" இரவு முழுவதும் விருந்தினர் கூட்டம், தம்பி.

இன்னொன்று. தமிழில் குறில் ரொ, நெடில் ரோ இரண்டுக்கும் தனி வடிவம் இருப்பதால் ரொமியோவும் ரோரினும் நம் எழுத்தில் தெளிவாகப் பிரிகின்றன. ஆனால் நம் அகரவரிசையில் ரொகரம் முழுவதும் முடிந்த பிறகே ரோகாரம். தமிழ்ப்படி அடுக்கினாலும் ரோரின் கடைசிதான்.

மழைக்காகம்:
ஐயா, இதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அக்கா சொன்னபடி மாற்றிவிட்டேன். இப்போது வரிசை ரோரின், ரொக்கி, ரொகுச்சோனென், ரொஷின், ரொசுடொவன், ரொமியோ. முதலிலும் முடிவிலும் மிக்கு, நடுவில் ரின்னும் இயாவும். ஆறு லட்சம் கோடி ஆண்டுகளைப் பாடும் இயாவின் மூச்சுவிடாத வேகம் அடங்கியதும் ரொஷினின் பியானோ தொடங்குகிறது. எழுத்துகள் சேர்த்துவைத்த இந்த இரண்டையும் நானாக ஒருபோதும் அடுத்தடுத்து வைத்திருக்க மாட்டேன்.

நாளை "வ". அதில் ரியோவின் "வாருடோ இசு மைன்", வோவாகாவின் "வாருசு எண்டோ டான்சு ஹோரு" இரண்டிலும் நீட்டல் குறி இருக்கிறது. இரண்டையும் "வ-அ" என்று எழுதிவிட்டேன். வாருசு முன்னால் நிற்கிறது. சரிதானே அக்கா?

செவிவழி:
சரிதான் தம்பி. "சு" வரிசை, "டோ" சேரும் "தொ" வரிசைக்கு முந்தியது.